ஸ்டோர் சாவி யாரிடம்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையும் மென்பொருள் அலுவலகமும் அடுத்தடுத்து இருப்பது இன்று யாருக்கும் வியப்பில்லை. 1960களில் சிறுதொழில்களுக்காக உருவான பேட்டை அது. பிறகு அதே தெருக்களில் கண்ணாடி முகப்பு வைத்த ஐடி கட்டடங்கள் எழுந்தன. மென்பொருள் துறையில் கணிசமான வேலை, யாரோ எப்போதோ எழுதிய இணையதளத்தைப் பராமரிப்பதுதான். அப்படிப் பராமரிக்க வருகிறவரைச் சீக்கிரமே தடுக்கிவிடும் இடம் ஒன்று உண்டு. பக்கத்தின் மேல்மூலையில் ‘வணக்கம்’ என்பதற்குப் பக்கத்தில் வரும் பெயர். அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால், பக்கத்துக்கு வேண்டியதைத் தயார்செய்து கொடுக்கும் கன்ட்ரோலரில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. பக்கத்தின் தோற்றத்தை வடிக்கும் டெம்ப்ளேட்டே செஷனுக்குள் கைவிட்டு எடுத்துக்கொண்டிருக்கும். இது சின்ன வசதிதானே, இதில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று பலரும் கேட்கிறார்கள். கெடுகிறது என்பதே என் கட்சி. செஷனில் இருப்பதைப் பக்கத்துக்குக் கொடுக்கலாம். செஷனையே பக்கத்திடம் ஒப்படைக்கக் கூடாது.

செஷன் என்ற ஏற்பாடு ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். இணையத்தின் அடிப்படை நெறிமுறையான எச்டிடிபிக்கு ஞாபகம் கிடையாது. ஒரு கோரிக்கைக்குப் பதில் சொன்னதும் கேட்டவர் யார் என்பதைச் சர்வர் மறந்துவிடும். வாங்க வந்தவர் கூடையில் என்ன போட்டார் என்பதுகூட அடுத்த பக்கத்துக்குத் தெரியாது. இந்தக் குறையைத் தீர்க்க 1994ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மோன்டுலி குக்கீயைக் கொண்டுவந்தார். பிரவுசரிடம் ஒரு அடையாள எண் மட்டும் இருக்கும். அதற்குரிய விவரங்கள் சர்வரில் இருக்கும். இப்படித்தான் செஷன் வழக்கத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் பக்கங்களை உருவாக்கப் பயன்பட்ட ஏஎஸ்பி, ஜேஎஸ்பி, பிஎச்பி ஆகிய மூன்றுமே பக்கத்தின் எச்டிஎம்எல்லுக்கு நடுவிலேயே நிரலையும் எழுத இடம் கொடுத்தவை. எனவே செஷனிலிருந்து பெயரை எடுத்து அந்த இடத்திலேயே அச்சிடுவது அன்று இயல்பான பழக்கம். பழக்கம் பிறந்ததில் தவறில்லை. காரணம் மறைந்த பிறகும் அது நீடிப்பதுதான் பிரச்சினை. தரவையும் தோற்றத்தையும் பிரித்து வைக்க வேண்டும் என்ற எம்விசி சிந்தனையை ட்ரிக்வே ரீன்ஸ்காக் 1970களின் கடைசியிலேயே ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் வகுத்துவிட்டார். இன்றைய ஃப்ரேம்வொர்க்குகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவையே. ஆனாலும் டெம்ப்ளேட்டில் செஷனைத் தொடும் கை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

பக்கத்து லேத் பட்டறையைப் பாருங்கள். அங்கே மெஷின் ஆபரேட்டரிடம் ட்ராயிங்கும் ஜாப் கார்டும் வந்து சேரும். டூல் வேண்டுமென்றால் ஸ்லிப் எழுதி ஸ்டோரில் வாங்கிக்கொள்வார். ஸ்டோர் சாவியின் நகலை ஒவ்வொரு மெஷினிலும் தொங்கவிட்டால் சில நாள் வேலை வேகமாக நடப்பதுபோலத்தான் தெரியும். சரக்கைக் கணக்கெடுக்கும்போது யார் எதை எடுத்தார் என்று சொல்ல ஆளிருக்காது. டெம்ப்ளேட்டும் ஒரு மெஷின்தான். பெயர், கூடையில் உள்ள பொருட்களின் எண்ணிக்கை, காட்ட வேண்டிய மொழி என்று தேவையானவற்றைப் பட்டியலிட்டுக் கொடுத்தால், அந்தப் பக்கம் எதை நம்பி நிற்கிறது என்பது கன்ட்ரோலரைப் படித்தாலே தெரிந்துவிடும். முழுச் செஷனையும் கொடுத்துவிட்டால் அந்தத் தகவல் நாற்பது டெம்ப்ளேட் கோப்புகளில் சிதறிக் கிடக்கும். செஷனில் ஒரு சாவிச்சொல்லின் பெயரை மாற்றினால் எது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜாங்கோ போன்ற ஃப்ரேம்வொர்க்கில் இது இன்னும் மோசம். அங்கே இல்லாத பெயரை டெம்ப்ளேட் கேட்டால் பிழை எழாது, வெற்றிடம் அச்சாகும். பிழைச் செய்தி வராத பிழையை வாடிக்கையாளர்தான் முதலில் பார்ப்பார்.

‘படிப்பதுதானே, மாற்றவில்லையே’ என்பது அடுத்த வாதம். செஷன் விஷயத்தில் படிப்பதே ஒரு செயல் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜாங்கோவில் ஒரு கோரிக்கையின்போது செஷனைத் தொட்டுவிட்டால், இந்தப் பக்கம் குக்கீயைப் பொறுத்து மாறும் என்ற தலைப்பு பதிலோடு சேர்ந்துவிடும். அதுவரை எல்லோருக்கும் பொதுவாகக் கேஷில் வைத்திருந்த பக்கத்தை அதன் பிறகு அப்படி வைக்க முடியாது. ஜேஎஸ்பியில் வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதாவிட்டால், ஒவ்வொரு பக்கமும் வருகிறவருக்குச் செஷன் ஒன்றைத் திறந்துவிடும். லாகினே செய்யாத தேடுபொறிக்கும் அதே உபசாரம்தான். சர்வரின் நினைவகம் அதற்கும் இடம் ஒதுக்கும். பிஎச்பியில் செஷனைக் கோப்பில் சேமிக்கும் வழக்கமான முறையில், செஷன் திறந்ததும் அந்தக் கோப்பு பூட்டிக்கொள்கிறது. நிரல் முடியும்வரையோ நாமாக மூடும்வரையோ பூட்டு விடுவதில்லை. ஒரே ஆள் இரண்டு டேப்களைத் திறந்தால் ஒன்று மற்றதற்காகக் காத்திருப்பது இதனால்தான். ‘சேமிக்கப்பட்டது’, ‘அனுப்பப்பட்டது’ என்று ஒருமுறை மட்டும் தோன்றும் அறிவிப்புகளைப் பாருங்கள்: சில ஃப்ரேம்வொர்க்குகளில் டெம்ப்ளேட் அவற்றைப் படித்ததுமே அவை செஷனிலிருந்து நீங்கிவிடும். ஒரு மூலையில் எழுதிய வரி இப்படிப் பக்கத்தின் வேகத்தையும் நடத்தையையும் மாற்றுகிறது என்றால், அந்த முடிவை எடுக்கும் இடம் அந்த மூலையாக இருக்கக் கூடாது.

ஒருவருக்குரிய பக்கம் கேஷ் வழியே பிறருக்குப் போனால் என்ன ஆகும் என்பதை 2015 கிறிஸ்துமஸ் நாளில் ஸ்டீம் விளையாட்டுத் தளம் காட்டியது. தாக்குதல் ஒன்றைச் சமாளிக்கக் கேஷ் அமைப்பை மாற்றியபோது, ஒருவருக்காக உருவான பக்கம் வேறொருவருக்குப் போய்விட்டது. முகவரி, மின்னஞ்சல் போன்ற விவரங்கள் அந்நியர் திரையில் தெரிந்தன. சுமார் 34,000 பேர் பாதிக்கப்பட்டதாக அதை நடத்தும் வால்வ் நிறுவனமே சொன்னது. அங்கே பிழை கேஷ் விதியில்தான், டெம்ப்ளேட்டில் அல்ல. அதை இங்கே கலக்க வேண்டாம். ஆனால் அந்தச் சம்பவம் கற்பிக்கும் பாடம் நம் விஷயத்துக்குப் பொருந்தும். கேஷ் விதி எழுதுகிறவருக்கு எந்தப் பக்கம் பொது, எந்தப் பக்கம் தனியாருக்குரியது என்று தெரிந்திருக்க வேண்டும். செஷன் விவரம் ஒரே இடத்தின் வழியாகப் பக்கத்துக்குப் போனால் அந்தப் பட்டியலை எடுத்துப் பார்க்கலாம். பொதுவான பக்கம் என்று எல்லோரும் நம்பும் ஒன்றின் அடிக்குறிப்பில், சேர்த்துக்கொள்ளப்பட்ட மூன்றாவது டெம்ப்ளேட்டில், யாரோ செஷனைத் தொட்டிருந்தால் எந்தப் பட்டியலும் அதைக் காட்டாது.

பாதுகாப்பில் இன்னொரு பக்கமும் உண்டு. செஷன் நம் சர்வரில் இருப்பதால் அதில் உள்ளதெல்லாம் நம்முடையது, சுத்தமானது என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பெயரைப் படிவத்தில் தட்டெழுதியவர் பயனர். 2005ல் மைஸ்பேஸ் தளத்தில் ஒருவர் தன் சுயவிவரப் பக்கத்தில் ஒளித்துவைத்த நிரல் ஒரு நாளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களுக்குத் தொற்றியது. பயனர் எழுதியதைப் பக்கத்தில் வைக்கும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. ஜாங்கோவும், ஃப்ளாஸ்க் ஃப்ரேம்வொர்க்கின் டெம்ப்ளேட் மொழியான ஜிஞ்சாவும் எச்டிஎம்எல் பக்கங்களில் ஆபத்தான குறியீடுகளைத் தாமாகவே முடக்கிவிடுகின்றன. வெறும் பிஎச்பியோ, ஜேஎஸ்பியின் டாலர் குறி வெளிப்பாடோ அப்படிச் செய்வதில்லை. பழைய திட்டங்களில் ஒவ்வொரு அச்சிடலையும் கையால் காக்க வேண்டும். அச்சிடும் இடங்கள் பெருகப் பெருக ஒன்றாவது தவறும்.

எதிர்வாதங்களில் வலுவானது வசதி பற்றியது. தலைப்பில் பெயர் எல்லாப் பக்கத்திலும் வர வேண்டும். அதற்காக ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் அதே வரியை எழுதுவதா? ஃப்ளாஸ்க்கே செஷனை டெம்ப்ளேட்டுக்குத் தானாகக் கொடுக்கிறதே என்றும் கேட்பார்கள். கொடுப்பது உண்மை, கிடைப்பதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஜாங்கோவிலும் ஃப்ளாஸ்க்கிலும் கான்டெக்ஸ்ட் ப்ராசஸர் இருக்கிறது, லாராவெலில் வியூ கம்போஸர் இருக்கிறது. எல்லாப் பக்கத்துக்கும் வேண்டிய நான்கைந்து விவரங்களை அங்கே ஒருமுறை எழுதினால் போதும். வசதியும் கெடாது, கணக்கும் கெடாது. டெட்லைன் நெருக்கடியில் இதற்கெல்லாம் நேரமில்லை என்பவருக்கு ஒன்று சொல்லலாம்: இன்று மிச்சப்படுத்துவது ஐந்து நிமிடம்; அதே பக்கத்துக்கு டெஸ்ட் எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் போலிச் செஷன் ஒன்றை உருவாக்கித்தான் தொடங்க வேண்டியிருக்கும்.

இப்போது யார் சர்வர் டெம்ப்ளேட் எழுதுகிறார்கள், எல்லாம் பிரவுசரில் ஓடும் ரியாக்ட்தானே என்பது மற்றொரு மறுப்பு. இடம் மாறியிருக்கிறது, கேள்வி மாறவில்லை. பொது ஸ்டோரிலிருந்து பயனரின் முழு விவரத்தையும் இழுத்துப் பெயரை மட்டும் காட்டும் கம்பொனன்ட் அதே பழைய டெம்ப்ளேட்டின் வாரிசு. சொல்லப்போனால் இங்கே அபாயம் கூடுதல், விவரமே பிரவுசருக்குப் போய்விடுகிறது. ஃப்ளாஸ்க்கின் வழக்கமான செஷன் குக்கீயும் லாகின் அடையாளமாகப் பரவலாகப் பயன்படும் ஜேடபிள்யூடி டோக்கனும் கையொப்பமிட்டவை, மறைகுறியாக்கப்பட்டவை அல்ல. யாரும் மாற்ற முடியாது. ஆனால் பிரவுசரைத் திறந்து வைத்திருப்பவர் உள்ளே இருப்பதைப் படித்துவிடலாம். காட்டத் தேவையில்லாததை அனுப்பவே கூடாது என்ற விதி, சர்வரில் இருந்தபோது ஒழுங்கு. பிரவுசருக்குப் போன பிறகு கட்டாயம்.

சட்டமும் இதே திசையில் நகர்ந்திருக்கிறது. 2023ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. தனிநபர் விவரம் எந்த வழியாக எந்தப் பக்கத்துக்குப் போகிறது என்று கேட்டால், பதில் சொல்ல முடிய வேண்டும். பராமரிப்பில் இருக்கும் உங்கள் திட்டத்தில் டெம்ப்ளேட் அடைவைத் திறந்து ‘செஷன்’ என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். கிடைக்கும் ஒவ்வொரு வரியையும் கன்ட்ரோலருக்கோ பொது இடம் ஒன்றுக்கோ நகர்த்துங்கள். ஒரே நாளில் முடியாது. தொடும் கோப்பில் மட்டும் செய்தாலும் போதும். அடுத்து வருகிறவர் உங்களைத் திட்டாமல் வேலை பார்ப்பார்.