யாருக்குக் கைதட்டுவது?

மெக்சிகோ லீக்கில் வாகை சூடிய அணியும், அமெரிக்க–கனடா லீக்கில் வாகை சூடிய அணியும் ஆண்டுக்கொருமுறை மோதும் கால்பந்தாட்டம் 2018-இல் டொராண்டோவில் தொடங்கியது. ‘காம்பியோனெஸ் கோப்பை’ என்பது அதன் பெயர்.

2023-இல் ஆட்டம் லாஸ் ஏஞ்சல்ஸில். இருபுறமும் கோல் விழவில்லை. பெனால்டி உதைகளில் 4–2 என உள்ளூர் அணியை வென்றது, விருந்தாளியாய் வந்த டீக்ரெஸ். அந்நகரில் மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறியோர் பல இலட்சம். பிறந்த மண்ணின் அணிக்கா, வாழவைத்த ஊரின் அணிக்கா, யாருக்குக் கைதட்டியிருப்பார்கள்?

இதை நான் வியந்து கூறியபோது, டில்லியிலேயே பிறந்து வளர்ந்த என் மகள் சொன்னாள்: “அப்பா, சந்தோஷ் கோப்பையில் டில்லியும் தமிழ்நாடும் மோதினால் நான் டில்லிக்குத்தான் கைதட்டுவேன். கோபமில்லையே?”

நெஞ்சில் சுருக்கென்றது. ஆயினும், “இல்லையம்மா” என்றேன். அவள் அதைக் கேட்டது தமிழில் அல்லவா!