கோல் பக்கத்தில் யார் பேச்சு எடுபட வேண்டும்?

பந்து எதிரணியின் கோலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இனி என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவர் யார்? கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளரா, பந்தைக் காலில் வைத்திருக்கும் ஆட்டக்காரரா? ஊருக்கு ஊர் இதற்குப் பதில் மாறுகிறது. அம்பத்தூரிலோ இந்தப் போட்டியில் மூன்றாவதாக ஒருவரும் உண்டு. அவர் மகனை ஆட அனுப்பிவிட்டு வலைக்கு வெளியே நிற்கும் அப்பா.

அமெரிக்கக் கால்பந்தில் சந்தேகமே இல்லை. அங்கே ஒவ்வொரு நகர்வுக்கும் ஆட்டம் நின்று நின்று தொடங்கும். அடுத்து என்ன ஆட வேண்டும் என்பது ஆட்டக்காரரின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வழியாக வந்துவிடும். 2015 பிப்ரவரி 1 அன்று நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் சியாட்டில் அணி 24-28 என்று பின்தங்கியிருந்தது. கோடு ஒரு கஜ தூரத்தில். மீதி இருந்தது 26 விநாடிகள். முட்டி மோதி ஓடுவதில் பெயர் பெற்ற மார்ஷான் லின்ச் அணியில் இருந்தும், மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு பந்தை எறியச் சொன்னது. எறிந்த பந்தை எதிரணியின் புதுமுகம் மால்கம் பட்லர் பறித்துக்கொண்டார். கோப்பை போனது. தலைமைப் பயிற்சியாளர் பீட் கரோல் பழியைத் தானே ஏற்றுக்கொண்டார். உத்தரவு அவர்கள் பக்கத்திலிருந்து வந்ததால் பழியும் அங்கேயே போனது.

நாம் ஆடும் கால்பந்தில் அப்படி இடைவெளி கிடையாது. வெளியிலிருந்து ஒரு சொல் போய்ச் சேருவதற்குள் பந்து வேறு காலுக்குப் போயிருக்கும். அதனால் நல்ல பயிற்சியாளர் தன் வேலையை முன்கூட்டியே முடித்துவிடுவார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் சையத் அப்துல் ரஹீம் செய்தது அதுதான். தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. ரஹீம் அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். அரையிறுதியில் கோல் அடித்த ஜர்னைல், தென் கொரியாவுக்கு எதிரான இறுதிப் போட்டியிலும் ஒரு கோல் அடித்தார். உடல்நலமில்லாமல் இருந்து தேறிய பீட்டர் தங்கராஜைக் கோல் காக்க நிறுத்தியதும் ரஹீம்தான். இந்தியா 2-1 என்று வென்று தங்கம் வாங்கியது. யார் எங்கே நிற்க வேண்டும் என்பது ரஹீமின் முடிவு. பந்து வந்த நொடியில் என்ன செய்வது என்பது ஜர்னைலின் முடிவு.

ஆட்டம் நிற்கும்போது மட்டும் பயிற்சியாளருக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில், பெனால்டி ஷூட் அவுட்டுக்குச் சற்று முன்பு நெதர்லாந்தின் வான் கால் கோல் கீப்பரையே மாற்றினார். உள்ளே வந்த டிம் க்ருல் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். ஆனால் எந்தப் பக்கம் பாய்வது என்பதை க்ருல்தான் பாய்ந்து காட்ட வேண்டியிருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு அப்பா. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் டர்ஃப் மைதானத்தில் ஆடுவான். மகன் காலுக்குப் பந்து வந்தாலே அவர் வலையைப் பிடித்துக்கொண்டு கத்துவார்: "அடிடா! வேணாம், பாஸ் போடு!" பையன் ஒவ்வொரு முறையும் திரும்பி அப்பாவைப் பார்ப்பான். அதற்குள் பந்து போயிருக்கும். ஒருநாள் வண்டியில் வீடு திரும்பும்போது சொன்னான்: "அடுத்த வாரத்துலேருந்து நான் வரலப்பா. நீங்க கத்தும்போது எனக்குப் பந்தே தெரிய மாட்டேங்குது."

அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. பட்டறையில் புதுப் பையன்களுக்கு வேலை கற்றுத் தருபவர் அவர். மெஷின் ஓடுவதற்கு முன்பு பத்துத் தடவை சொல்வார். ஓடும்போது பையன் கையைத் தட்டிவிட மாட்டார். தட்டினால் ஜாப் கெடும், விரலும் போகும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். மகன் விஷயத்தில் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை.

அடுத்த ஞாயிறு மகனைக் கெஞ்சி அழைத்துப் போனார். வாயே திறக்கவில்லை. பையன் அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. "ஏண்டா இடது பக்கம் அடிச்ச?" என்று பிறகு கேட்டார். "கோலி வலது பக்கம் நகர்ந்தான்ப்பா, நீங்க பாக்கலியா?" அவர் பார்க்கவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து அது தெரியவும் தெரியாது.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலும் இதே கூச்சல்தான். கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் கடைசி நாளில் அப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று நான்கு பேர் தோளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். பிள்ளையின் விரல் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கிறது. கட்டணம், தூரம், விடுதி, வேலை வாய்ப்பு எல்லாவற்றையும் மாதக் கணக்கில் முன்பே உட்கார்ந்து பேசலாம். வேண்டாம் என்று தோன்றுவதை அப்போதே சொல்லலாம். கடைசி நாளில் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும். பிள்ளை கேட்டால் மட்டும் பேசலாம்.