பதினேழு கல்

உயர்தர வகுப்பு விடைத்தாள்களைத் திருத்தும் பொருட்டுச் சென்ற ஆண்டு சில நாட்கள் கொழும்பில் தங்கியிருந்தேன். ஒருநாள் மாலை, வேலை முடிந்து புறக்கோட்டைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தபோது, நடைபாதையில் விரித்த துணியொன்றின்மீது பழைய கைமணிக்கூடுகள் சில கிடக்கக் கண்டேன். மணிக்கூடு வாங்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. கைத்தொலைபேசி வந்தபின் மணிக்கட்டில் எதையும் கட்டும் வழக்கமே ஒழிந்துவிட்டது. ஆயினும் கால்கள் நின்றன. அந்தக் குவியலில் நீல முகத்துடன் ஒரு சீக்கோ பைவ் கிடந்தது. அதன் சிறு சாளரத்தில், திகதிக்குப் பக்கத்தே, கிழமையின் பெயர் அரபு எழுத்தில் இருந்தது.

நான் மணிக்கூட்டை வாங்கினேன் என்பதிலும், அந்த அரபு எழுத்து என்னை வாங்கிற்று என்பதே பொருந்தும்.

எனது தாய்மாமனார் 1982 ஆம் ஆண்டு குவைத்திலிருந்து வந்தபோது தந்தையாருக்குக் கொடுத்தது ஒரு சீக்கோ பைவ். வளைகுடா நாடுகளில் விற்கப்பட்ட அவ்வகை மணிக்கூடுகளிற் கிழமைப் பெயர் ஆங்கிலத்திலும் அரபிலும் இருக்கும், விரும்பியதை வைத்துக்கொள்ளலாம். தந்தையார் ஏனோ அதனை அரபிலேயே விட்டுவிட்டார். ஆங்கிலத்தில் வெள்ளிக்கிழமையை எழுதப் பழகுமுன்பே அரபில் அதன் உருவத்தை நான் அறிந்திருந்தேன்.

இந்த வகை மணிக்கூட்டை யப்பானியர் 1963 இல் விற்பனைக்கு விட்டார்கள். இதற்குச் சாவி கொடுக்க வேண்டியதில்லை. உள்ளே அரைவட்ட வடிவான பாரம் ஒன்று உண்டு. கை அசையும்போது அது சுழன்று வில்லை முறுக்கும். மின்கலமும் வேண்டாம். இதன் அருமை யாழ்ப்பாணத்தவர்க்கு 1990 இன் பின்னரே நன்கு விளங்கிற்று. வடக்குக்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் மின்கலமும் ஒன்று. மின்கலத்தில் ஓடிய நாகரிக மணிக்கூடுகள் எல்லாம் அலுமாரிக்குள் உறங்க, தந்தையாரின் சீக்கோ மாத்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அயலவர் வேலிக்கு மேலால் நேரம் கேட்பார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, நான் மிதியைச் சுழற்ற, டைனமோவில் வானொலி பாடும். செய்திக்கு முன் நேரம் அறிவிக்கப்படும்போது தந்தையார் மணிக்கூட்டைக் கையில் எடுத்து ஏதோ செய்வார். வானொலியின் நேரம் சரிதானா என்று சோதிக்கிறார் என்றே நான் எண்ணியிருந்தேன்.

1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்களோடு மக்களாக நாமும் தென்மராட்சிக்குப் பெயர்ந்தோம். மூன்று வாரம் கழித்து ஒருநாள் தந்தையார் ஒரு மூட்டை நெல்லுடன் வந்தார். அவருடைய மணிக்கட்டில் வெளிறிய ஒரு வளையம் மாத்திரமே இருந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அப்போது பதினாறு வயது. பிற்காலத்தில் ஆசிரியனான பின்னர், ‘தியாகம்’ என்ற தலைப்பிற் கட்டுரை எழுதப் பயிற்றும்போதெல்லாம் இந்த வளையத்தை மாணவருக்குச் சொல்லியிருக்கிறேன். எத்தனை முறை என்று கணக்கில்லை.

புறக்கோட்டைக்குத் திரும்புவோம். “ஒரிஜினல் சேர், யப்பான்” என்றார் அந்த இளைஞர். ஒன்பதாயிரம் ரூபா கேட்டு ஆறாயிரத்து ஐந்நூறுக்கு இறங்கினார். இறங்கிய வேகமே என்னை எச்சரித்திருக்க வேண்டும். முகமோ நேற்றுப் பூசியது போலப் பளபளத்தது. நாற்பது வயதைக் கடந்த முகம் அவ்வளவு பொலிவாய் இராது என்பதை, நாள்தோறும் கண்ணாடி பார்க்கும் நான் அறியாதவனல்லன். அறிந்தே பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

யாழ்ப்பாணம் வந்ததும் மணிக்கூடு திருத்தும் முதியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கண்ணிற் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு முதலிற் பின்மூடியைப் படித்தார். 7009 என்பது இயந்திரத்தின் எண். அடுத்துள்ள தொடரிலக்கத்தின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், இரண்டாவது மாதத்தையும் குறிக்கும். ஒன்று, எட்டு என்று தொடங்கியபடியால் 1981 ஆவணி மாதத்தது என்றார். எனக்கு உவகை பொங்கிற்று. பின்னர் மூடியைக் கழற்றினார்.

“மாஸ்டர், முகத்திலை இருபத்தொரு கல்லு எண்டு எழுதிக் கிடக்கு. உள்ளுக்குப் பதினேழு கல்லுத்தான்.”

கல் என்றதும் வாசகர் நகையை நினைக்க வேண்டாம். சக்கரங்களின் அச்சுமுனைகள் தேயாது சுழல்வதற்காகப் பதிக்கப்படும் செயற்கை மாணிக்கத் துணுக்குகள் அவை. விற்றால் ஒரு தேநீருக்கும் காணாது. ஆனால் பொய்யைக் காட்டிக்கொடுக்கப் போதும். முகம் புதிதாக வர்ணம் பூசி எழுதப்பட்டது. நொடிமுள் வேறொரு மணிக்கூட்டினுடையது. மும்பாய் நகரில் பழைய சீக்கோக்களைப் பிரித்து, தேறிய உறுப்புகளை ஒன்றுசேர்த்து, முகத்துக்குப் புதுவர்ணம் பூசி அனுப்பும் தொழில் நெடுங்காலமாக நடந்துவருகிறது என்று அவர் விளக்கினார்.

“மெசின் அசல். எண்ணெய் விட்டாக் காணும். நீங்கள் முகத்தைப் பாத்தெல்லோ காசு குடுத்தனீங்கள்!”

வீடு நோக்கி வருகையில் ஒரு முடிவு செய்தேன். தந்தையாருக்கு எண்பது வயது, கண்ணிற் புரை. அவருக்கு இதைச் சொல்வதில்லை.

சாய்மனைக் கதிரையில் இருந்தபடி அவர் அதனை வாங்கிக் காதில் வைத்தார். குலுக்கினார். நகத்தால் முகக் கண்ணாடியைத் தடவினார்.

“என்ன விலை?”

“நாலாயிரம்” என்றேன். மாணவரிடம் உண்மை பேசுமாறு நாள்தோறும் வற்புறுத்தும் வாயால் அதனைச் சொன்னேன்.

“முகம் மாத்தினதோ?”

நான் பேசாதிருந்தேன். அவர் மணிக்கூட்டை மடியில் வைத்துவிட்டு வெகுநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கடையும் அப்பிடித்தான் தம்பி. தொண்ணூற்று மூண்டிலை வில்லு முறிஞ்சு போச்சு. சாமான் ஒண்டும் வராத காலம். செத்துப்போன வேறை ஒரு சீக்கோவின்ரை மெசினை எடுத்துத்தான் போட்டவங்கள். அண்டையிலிருந்து ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலம் பிந்தும். ஒவ்வொரு நாளும் றேடியோவைப் பாத்துத் திருப்பி வைப்பன். கொடிகாமத்திலை அந்த மனிசன் கேட்டான், திருத்தினதோ எண்டு. இல்லை, மச்சான் குவைத்தாலை கொண்டுவந்தது எண்டன். அதை நம்பித்தான் நெல்லைத் தந்தவன்.”

மச்சான் கொண்டுவந்தது என்பது மெய். கேட்ட கேள்விக்கு அது மறுமொழி அன்று.

அந்த நெல்லை நானும் உண்டேன். பத்து நாளைக்கு மேல் உண்டோம் என்பது நினைவு. பெயரும் ஊரும் தெரியாத ஒருவர், கிழமை அரபு எழுத்திற் காட்டும் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் கால் மணி நேரம் பிந்தியே எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறார். புறக்கோட்டை இளைஞர்மீது எனக்கிருந்த சினம் அன்று மாலையே எங்கு போயிற்று என்று தெரியவில்லை. தியாகக் கட்டுரையை இப்போதும் பயிற்றுகிறேன். வெளிறிய வளையத்தைச் சொல்லும்போது நெல்லுக்காரரையும் சேர்த்தே சொல்கிறேன். இதனை எழுதலாமா என்று தந்தையாரைக் கேட்டேன். “எழுது. அந்த மனிசன் பேப்பர் பாத்தாலும் பாப்பான்” என்றார்.

மணிக்கூட்டை அவர் விருப்பத்தோடு கட்டிக்கொண்டார். ஆனால் இரண்டாம் நாளே அது நின்றுவிட்டது. திருத்தியவரிடம் ஓடினேன். பழுதொன்றும் இல்லை, கதிரையிலும் கட்டிலிலும் பொழுதைக் கழிக்கும் ஒருவரின் கை அசைவு வில்லை முறுக்கப் போதாது என்றார். ஆகவே இப்போது பகலில் நான் கட்டுகிறேன். இடக்கையை விட வலக்கைக்கே வேலை அதிகம் என்பதால் வலக்கையிற் கட்டிக்கொண்டு கரும்பலகையில் எழுதுகிறேன். மாணவர் தம்முள் சிரிக்கிறார்கள். மாலையில் வீடு திரும்பியதும் கழற்றித் தந்தையாரிடம் கொடுப்பேன். இரவு முழுவதும் அவர் கையில் அது ஓடும்.

காலையில் நான் சைக்கிளை எடுக்கும்போது அவர் அதனைக் கழற்றித் தருவார். எண்ணெய் விட்ட பின்னரும் நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் குறைகிறது. அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

“அஞ்சு நிமிசம் பிந்தும், தம்பி” என்பார், ஒவ்வொரு நாளும், என் கையில் வைக்குமுன்.