பின்பக்கம் தாழ்ந்த லாரி

மோட்டார் வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்த விஷயங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, அது ஓடும். மற்றொன்று, நான் ஏறி உட்கார்ந்தால் ஓடாது. இந்த இரண்டுக்கும் மேல் மூன்றாவதாக ஒன்றைத் தெரிந்துகொள்ள நான் கலிபோர்னியா வரையில் போகவேண்டியிருந்தது. ஒரு லாரியின் பின்பக்கத்துக்கும் ஒரு மனிதனுடைய மனசுக்கும் உள்ள சம்பந்தம்தான் அது. சிரிக்காதீர்கள், முழுதும் கேட்டுவிட்டுப் பிறகு சிரித்துக்கொள்ளலாம்.

ஸான் ஹோஸே நகரத்தில் என் அக்கா இருக்கிறாள். அத்தானுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். "இங்கே வந்து மூன்று மாசம் இரு. தெருவில் ஈ காக்கை கிடையாது. நிம்மதியாக நாவல் எழுதலாம்" என்று அக்கா வற்புறுத்தினாள். நம்பிப் போனேன். முதல் நாள் காலை ஒன்பது மணிக்குக் காகிதத்தை விரித்து வைத்து, கதாநாயகியை வாசல் திண்ணைக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். எதிர்வீட்டில் 'கிர்ர்ர்' என்று கிரைண்டர் ஓட ஆரம்பித்தது. மாவு அரைக்கிற கிரைண்டர் அல்ல. இரும்பை அரைக்கிற கிரைண்டர். கதாநாயகி திண்ணையிலேயே நின்றாள். அன்று மட்டுமல்ல, அடுத்த மூன்று வாரமும் நின்றாள்.

எதிர்வீட்டில் இருந்தவர்கள் மெக்ஸிகோ வம்சாவளியினர்: ஒரு தகப்பனார், ஒரு பிள்ளை. தகப்பனாருக்கு எண்பது வயசு தாண்டியிருந்தது. முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனவர். கைத்தடியை ஊன்றி மெதுவாக நடப்பார். பிள்ளைக்கு ஐம்பதுக்கு மேல். அவர்களுடைய காரேஜில் 1966-ம் வருஷத்து ஷெவ்ரலே ஸி-10 பிக்-அப் லாரி ஒன்று நின்றது. முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரும் ஒற்றை ஸீட். பின்னால் சாமான் போட மரப்பலகைத் தளம். ஆனால் லாரி என்றால் நாம் நினைக்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கவில்லை. வயிறு தரையைத் தொட்டுவிடுமோ என்னும்படி தாழ்ந்து கிடந்தது.

சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்லத்தான் போனேன். போன கால் மணி நேரத்தில் ஒரு தூக்குக் குண்டை என் கையில் கொடுத்து, "இந்த நூலை ஆடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார் அந்தப் பிள்ளை. பிறகு மூன்று வாரமும் எனக்கு அதுதான் வேலை.

வண்டியைத் தாழ்த்துவது அங்கே ஒரு கலை. சிலருக்கு மதம் என்றே சொல்லலாம். 'லோ ரைடர்' என்று அதற்குப் பெயர். அந்தக் காலத்து மெக்ஸிகோ வம்சத்து இளைஞர்கள் காரின் பின்பெட்டியில் மணல் மூட்டையைப் போட்டுத் தாழ்த்தினார்கள். இது அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. சக்கரத்தின் விளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக்கூடாது என்று கலிபோர்னியாவில் சட்டம் செய்து 1958-இல் அமலாக்கினார்கள். சட்டம் ஒரு பக்கம் வந்தால் சாமர்த்தியம் மறு பக்கம் வராதா? அடுத்த வருஷமே ரான் அகீரே என்பவர் தமது காரில் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்திவிட்டார். போலீஸ்காரர் தலை தெரிந்தால் கார் எழுந்து நிற்கும். அவர் அந்தப் பக்கம் போனதும் உட்கார்ந்துகொள்ளும். இந்தக் கலைக்கென்று 'லோ ரைடர்' என்ற பத்திரிகை 1977-இல் பிறந்ததும் இதே ஸான் ஹோஸேயில்தான். பெரிய வீதிகளில் இப்படி ஊர்வலம் போவதற்கு இருந்த தடையை அந்த நகரசபை 2022-இல் எடுத்துவிட்டது. தாழ்த்திய பயணிகள் கார்களின் மேலிருந்த சட்டத் தடையும் 2024 ஜனவரியில் நீங்கியது.

இது ஊர்க் கதை. அந்த லாரியின் கதை வேறு.

லாரி என்பது சுமைக்காகப் பிறந்தது. ஆகையால் அதன் பின்பக்க வில்களைச் சுமையை எதிர்பார்த்தே செய்கிறார்கள். சுமை இல்லாத போது பின்பக்கம் உயர்ந்தே நிற்கும்; சுமை ஏறினால்தான் சமமாகும். வில் என்றால் நம்முடைய வில்வண்டியில் அடுக்கடுக்காக இருக்கிற பட்டை வில் அல்ல. ஸி-10 வண்டியில் பின்னால் இருப்பது சுருள் வில். அச்சை இரண்டு நீண்ட எஃகுக் கைகள் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கைகளின் மறு நுனி வண்டியின் நடுப்பகுதியில் கீல் போட்டு மாட்டியிருக்கும். எளிய அமைப்பு, ஆனால் நல்ல அமைப்பு. அமெரிக்காவின் பெரிய கார்ப் பந்தயக்காரர்களே இந்த அமைப்பைக் கடன் வாங்கித் தங்கள் கார்களில் வைத்துக்கொண்டார்கள்.

1991-இல் பிள்ளைக்கு இருபது வயசு. ஒரு ராத்திரி, தகப்பனாரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், காஸ் நெருப்பால் அந்தச் சுருள் வில்களில் ஒன்றரைச் சுற்றை அறுத்து எறிந்துவிட்டார். லாரி தாழ்ந்தது. ஆனால் சுருளை அறுத்தால் வில் குட்டையாவது மட்டுமல்ல, முன்னைவிட விறைப்பாகவும் ஆகிவிடும். அச்சுக்கும் மேலே இருக்கிற சேஸிஸ் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடமே மிஞ்சியிருந்தது. மறுநாள் விஷயம் தெரியாமல் தகப்பனார் விறகு ஏற்றிக்கொண்டு ரெயில்வே லெவல் கிராஸிங்கைத் தாண்டினார். அச்சு போய்ச் சேஸிஸில் 'டம்' என்று இடித்தது. ஸீட்டிலிருந்து தூக்கிப் போட்டது. வீட்டுக்கு வந்தார், சாவியை மேஜைமேல் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேலாக அவர் அந்த லாரியில் ஏறவே இல்லை.

"அவருடைய முதுகு கெட்டது அதனாலா?" என்று கேட்டேன்.

"டாக்டர் இல்லை என்கிறார். அப்பாவும் அப்படிச் சொன்னதில்லை" என்றார் பிள்ளை. "ஆனால், ஆமாம் இல்லை என்று அவர் ஒன்றுமே சொன்னதில்லையே!"

அவர் இப்போது செய்துகொண்டிருந்தது அந்த ராத்திரிக்குப் பிராயச்சித்தம். வண்டி தாழ்ந்தே இருக்கவேண்டும், ஆனால் இடிக்கக்கூடாது. இதற்கு ஒரே வழி, அச்சு மேலே எழும்ப இடம் செய்வது. அச்சுக்கு நேர் மேலே சேஸிஸை அடிப்பக்கத்திலிருந்து பிறைபோல அறுத்துவிடுகிறார்கள். அறுத்த இடம் பலவீனமாகிவிடுமல்லவா? அங்கே வளைத்த கனத்த எஃகுத் துண்டை வைத்து, போல்ட் போட்டு, வெல்டு வைத்துப் பழைய பலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். சுருள் வில்லுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் வில். ஒரு சின்னக் கம்ப்ரஸரும் காற்றுத் தொட்டியும் கூட வரும். சுமை ஏறினால் காற்றை ஏற்றலாம். சுமை இறங்கினால் காற்றை இறக்கலாம்.

இதோடு முடியவில்லை. அச்சு இடமும் வலமும் ஓடாமல் இருக்க ஒரு குறுக்குக் கம்பி உண்டு. பிரான்ஸ் தேசத்துப் பழைய மோட்டார்க் கம்பெனி ஒன்றின் பெயரால் அதைப் 'பன்ஹார்ட் கம்பி' என்பார்கள். ஸி-10 வண்டியில் அது குட்டை. குட்டைக் கயிற்றில் கட்டின ஆடு சின்ன வட்டத்தில்தானே சுற்றும்? அதுபோல வண்டி தாழத் தாழ, அச்சு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். ஆகவே நீளமான கம்பி. வண்டி தாழ்ந்ததில் அந்த எஃகுக் கைகள் சாய்ந்து, எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்ட் அச்சில் சேருகிற கோணமும் மாறிவிட்டது. அப்படியே விட்டால் ஓடும்போது உதறும். கைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்து அதைச் சரிசெய்தார். என் தூக்குக் குண்டுக்கு வேலை இங்கேதான். சேஸிஸிலிருந்து நூலை இறக்கித் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் புள்ளி வைத்து, குறுக்கும் நெடுக்கும் அளந்து, அச்சு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். கால் அங்குலம் பிசகியிருந்தால் தொட்டுவைத்த வெல்டை அரைத்துவிட்டு மறுபடியும். மறுபடியும் 'கிர்ர்ர்'!

ஒரு நாள் நூலைப் பிடித்துக்கொண்டே, "இவ்வளவு பாடு எதற்கு? பழையபடி உயர்த்திவிட்டால் தகப்பனார் ஏறுவாரே?" என்றேன்.

அவர் வேலையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நான் சிறு பிள்ளையாக இருந்தபோது இந்தப் பிரதேசம் முழுதும் பழத்தோட்டம். ஆப்ரிகாட், பிளம். கம்பெனிகள் வர வர, தோட்டங்களை வெட்டிச் சாய்த்தார்கள். கோடைக்காலத்தில் அப்பாவுக்குப் பழம் டின்னில் அடைக்கிற ஆலையில் வேலை. மற்ற நாளில் வெட்டிப் போட்ட ஆப்ரிகாட் மரங்களை விறகாக்கி விற்பார். சாயங்காலம் நான் வாசலில் நிற்பேன். லாரி பின்பக்கம் தாழ்ந்து வந்தால் அன்றைக்கு விறகு கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். அம்மா முகம் மலர்ந்துவிடும். பின்பக்கம் தூக்கிக்கொண்டு வந்தால் ஒன்றும் கிடைக்கவில்லை. ஸார், உயர்ந்து நிற்கிற அந்த லாரியை என்னால் பார்க்க முடியாது."

எனக்குத் தொண்டையை அடைத்தது. அத்தான் தினம் போய் உட்காருகிற ஆபீஸும் ஏதாவது ஒரு ஆப்ரிகாட் தோட்டத்தின் மேல்தான் நிற்கிறதோ என்னவோ!

சேஸிஸை அறுக்கிற நாள் வந்தது. அன்று காலையிலேயே பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். அக்கா அவருக்குக் காப்பி கொடுத்தாள். எதிரே கிரைண்டர் அலறியது. ஒவ்வொரு அலறலுக்கும் அவர் முதுகு விறைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

"முதுகெலும்பை அறுக்கிறான்" என்றார். "அவனுக்கு எப்போதுமே இது கூலிக்காரன் வண்டி என்று வெட்கம். விளையாட்டுச் சாமானாக்கிவிட்டால் வெட்கம் போய்விடும் என்று பார்க்கிறான்."

கதை எழுதுகிறவனுக்கு இருக்கக்கூடாத குணம் ஒன்று உண்டு. நடக்கிற கதையில் கையை நுழைப்பது. ஒருவர் நம்பிச் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வது தப்பு என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் சொல்லிவிட்டேன். வாசலில் நின்ற பையனைப் பற்றி, தாழ்ந்து வந்த லாரியைப் பற்றி, அம்மாவின் முகத்தைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டேன்.

பெரியவர் பதில் பேசவில்லை. காப்பி ஆறிப்போயிற்று. அக்கா வந்து என்னை முறைத்தாள். கடைசியில் அவர் எழுந்து, ஒன்றும் சொல்லாமல் தெருவைத் தாண்டிப் போனார். போய் லாரி அருகில் குனிய முடியாமல் குனிந்து, அறுத்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பிள்ளை கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு நின்றார். "ஓரம் கூராக இருக்கிறது, ராவிவிடு. கூர் மூலையிலிருந்துதான் விரிசல் பிடிக்கும்" என்றார் பெரியவர். அவ்வளவுதான். ஆனால் மறுநாளிலிருந்து அவருக்கு நாற்காலி காரேஜில் போடப்பட்டது. தூக்குக் குண்டை நான் பிடிக்கிற லட்சணத்தைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வேலை முடிந்ததும் அவர் ஒரு நிபந்தனை போட்டார்: "வெறும் வண்டியில் ஏறமாட்டேன். விறகு ஏற்று."

அரை டன் விறகு வந்தது. அடுக்க அடுக்க லாரி தாழ்ந்துகொண்டே போயிற்று. அடிப்பட்டை தரையைத் தொடப்போகிற சமயத்தில் பிள்ளை ஒரு விசையைத் திருப்பினார். கம்ப்ரஸர் உறுமியது. பாரத்தோடு பாரமாக, யானை எழுந்திருக்கிற மாதிரி, லாரி நிதானமாக எழுந்து சமமாக நின்றது.

பெரியவர் ஜன்னல் ஓரம், பிள்ளை ஸ்டியரிங்கில், நடுவே நான். நான் ஏறினால் வண்டி ஓடாது என்று முன்பே சொன்னேனல்லவா? அன்று ஓடியது. நேரே அந்த லெவல் கிராஸிங்குக்குத்தான் போனோம். தண்டவாளம் நெருங்க நெருங்கப் பெரியவர் தடியை இறுகப் பிடித்துக்கொண்டார். பிள்ளையின் கழுத்தில் வியர்வை ஓடியது. சக்கரங்கள் 'கடக் கடக்' என்றன. 'டம்' என்ற சத்தத்துக்காக மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அது வரவில்லை.

சிறிது தூரம் போன பிறகு பெரியவர், "மீஹோ" என்றார். ஸ்பானிஷ் பாஷையில் 'என் மகனே' என்று அர்த்தமாம். அதற்குமேல் என்ன சொல்லப்போகிறாரோ என்று காத்திருந்தேன். "மெதுவாகப் போ. விறகு உருளும்" என்றார்.

விறகைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் வீட்டில் இறக்கினோம். பெரியவரை முதலில் வீட்டில் விட்டுவிட்டு, நானும் பிள்ளையும் மிச்ச விறகைக் கொடுத்துத் திரும்பும்போது சாயங்காலமாகிவிட்டது. தெருமுனையில் லாரி ஒரு கணம் நின்றது. பின்பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. பிள்ளை விசையைத் திருப்பினார். 'உஸ்' என்று காற்று இறங்கியது; காலி லாரி பாரம் சுமந்த லாரியைப் போலத் தாழ்ந்துகொண்டது. அப்படியே மெல்ல வீட்டுக்கு வந்தோம்.

வாசலில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். தடியை ஊன்றியபடி லாரியின் பின்பக்கத்தையே பார்த்தார்.

"இன்றைக்கு நல்ல வேலை கிடைத்திருக்கிறது போலிருக்கிறது" என்றார்.

என் கதாநாயகி இன்னும் திண்ணையில்தான் நிற்கிறாள். ஏன் நிற்கிறாள், யாருக்காகத் தெருவைப் பார்க்கிறாள் என்பது இப்போது எனக்குக் கொஞ்சம் தெரிகிறது.