பள்ளி என்றொரு சொல்

மட்டாஞ்சேரியில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களை மலையாளத்தின் புதிய சொற்கள் அதிகம் வருத்துவதில்லை. தெரியாத சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். நம்மைத் திகைக்க வைப்பவை நாம் பிறந்தது முதல் அறிந்த சொற்களே. அவற்றுள் தலையாயது ‘பள்ளி’.

தமிழ்நாட்டில் பள்ளி என்றால் பிள்ளைகள் படிக்கும் இடம். இங்கோ அது வழிபாட்டிடம். யூதர் தெருவின் கோடியில் 1568-இல் எழுந்த பரதேசி ஜெபாலயம், ஜூதப்பள்ளி. கொச்சங்காடியில் செம்பு வேய்ந்த கூரையால் பெயர் பெற்ற மசூதி, செம்பிட்ட பள்ளி. சிலுவையில் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, இயேசு சபைப் பாதிரிமாருக்கு இனி அடங்கோம் என்று நஸ்ரானிகள் 1653 ஜனவரி 3-இல் சூளுரைத்ததை நினைவூட்டி நிற்பது, கூனன் குரிசுப் பள்ளி. மூன்று சமயத்தாருக்கும் சொல் ஒன்றே. “பையன் பள்ளிக்குப் போயிருக்கிறான்” என்று நம் வீட்டுப் பெண்மணி சொல்ல, “இன்று ஞாயிற்றுக்கிழமை இல்லையே?” என்று அடுத்த வீட்டுச் சேச்சி வியந்தால் அதில் குற்றமில்லை.

எந்தப் பொருள் சரி? இரண்டுமே பிற்காலத்தில் கிளைத்தவை. படுக்கை, துயில், தங்குமிடம் என்பனவே பள்ளியின் பழம்பொருள். திருவரங்கத்தில் பெருமாள் பள்ளிகொள்கிறார். மார்கழி வைகறையில் திருப்பள்ளியெழுச்சி பாடுகிறோம். சோழமாதேவி பஞ்சவன் மாதேவியின் நினைவாக எழுந்த கோயிலுக்குப் பள்ளிப்படை என்று பெயர். மீளாத் துயிலும் பள்ளியே. மட்டாஞ்சேரி அரண்மனையில் இராமாயண ஓவியங்கள் நிறைந்த அறை, கொச்சி மன்னரின் பள்ளியறை.

மதுரைக்கு அருகே மாங்குளம் குன்றில் சமண முனிவர்க்குக் கற்படுக்கைகள் அமைத்தனர். நெடுஞ்செழியன் பெயர் பொறித்த, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அங்குள்ள கல்வெட்டிலேயே ‘பளி’ என்று இச்சொல் காணப்படுகிறது. முனிவர் துயின்ற இடம் அவர்தம் உறைவிடமாயிற்று. அங்கே அறம் உரைக்கப்பட்டது, எழுத்தும் கற்பிக்கப்பட்டது. வழிபாட்டிடம், கல்விக்கூடம் என்னும் இரு கிளைகளும் இவ்வாறு ஒரே வேரிலிருந்து பிரிந்தன எனலாம்.

சமண, பௌத்த அறநிலையங்களுக்கு விட்ட நிலத்தைச் சோழர் பள்ளிச்சந்தம் என்றனர். கி.பி. 849-இல் வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துக் கிறித்தவ ஆலயத்துக்கு அளித்த செப்பேட்டில் அவ்வாலயத்தின் பெயர் தரிசாப்பள்ளி. அச்செப்பேட்டில் அரபு, பாரசீக, எபிரேய எழுத்துகளில் சாட்சிகள் கையொப்பமிட்டுள்ளனர். கடல் கடந்து வந்த சமயங்களுக்கெல்லாம் இந்நாடு தன் பழைய சொல்லையே மனமுவந்து கொடுத்தது. சொல்லின் முதல் உரிமையாளரான சமணருக்கு மட்டும் இன்று அது இல்லை! மட்டாஞ்சேரியில் குஜராத்திச் சமணர் 1904-இல் எழுப்பிய தர்மநாதர் ஆலயத்தை யாரும் பள்ளி என்பதில்லை. கோயில் என்றே சொல்கிறோம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தெருவில் ‘பள்ளி’ என்றால் பிள்ளையின் தோழர் சிரிக்கின்றனர். தெருவின் பொருளில் அதையே வீட்டில் சொன்னால், “மலையாளம் கலக்காதே” என்று நாம் கடிகிறோம். இரு பக்கமும் இடிபட்ட பிள்ளை ‘ஸ்கூல்’, ‘சர்ச்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறது. அச்சொற்களுக்கு எவரும் சிரிப்பதில்லை, எவரும் கடிவதுமில்லை. தமிழும் மலையாளமும் ஒரு சொல்லுக்காக வழக்காட, மூன்றாவது மொழி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நம் பிள்ளைகள் தமிழை இழப்பது பெரும்பாலும் மறதியால் அன்று. இத்தகைய சிறு கூச்சங்களால்தான்.

உண்மையில் வழக்கே இல்லை. தமிழ்நாட்டு முஸ்லிம்கள் தொழச் செல்வது பள்ளிவாசலுக்கு. ஆகவே கேரளத்தின் பொருள் தமிழிலும் வாழ்கிறது. மலையாளிகள் பிள்ளைகளை அனுப்புவது பள்ளிக்கூடத்துக்கு. ஆகவே நம் பொருள் மலையாளத்திலும் வாழ்கிறது. பள்ளிதோறும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டில் சாவரா குரியாக்கோஸ் ஏலியாஸ் அடிகள் முனைந்தபோது, இரு பொருளும் அருகருகே வந்து நின்றன.

ஆதலின் பெற்றோர் செய்யத்தக்கது எளிது. பிள்ளையைத் திருத்துவதை விடுத்து, ஒரு மாலை கைபிடித்து அழைத்துச் சென்று ஜூதப்பள்ளியையும் செம்பிட்ட பள்ளியையும் கூனன் குரிசுப் பள்ளியையும் காட்டலாம். “இவையெல்லாம் நம் சொல்தான், நீ நாளைக் காலை போகும் பள்ளிக்கூடமும் அதே சொல்தான்” என்று கூறலாம். அதன்பின் அப்பிள்ளை அச்சொல்லைத் தெருவிலும் வீட்டிலும் கூசாமல் சொல்லும்.