நாடாவின் மறுபக்கம்

இசை ஆகுமா, ஆகாதா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் கருத்து வேறுபாட்டினுள் நாம் இங்கு நுழையப் போவதில்லை. அதனை ஆலிம்களிடமே விட்டுவிடுகிறோம். நாம் எழுத வந்தது நம் இல்லத்தில் ஒலித்த இரண்டு பாடல்களைப் பற்றி.

சென்ற நோன்புப் பெருநாள் கழிந்த மறுநாள், கோட்டைப்பட்டினத்தில் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, மகள் வயிற்றுப் பேரன் கைப்பேசியில் ஓர் ஆங்கிலப் பாடலை ஒலிக்கவிட்டான். இடி முழக்கமோ என ஐயுறத்தக்க கிதார் ஒலி; ஒருவர் மூச்சுவிடாமல் பேசுகிறார்; மற்றவர் தொண்டை கிழியக் கதறுகிறார். மூன்று நிமிடங்கூட நீடிக்கவில்லை. நமக்கோ அதுவே அதிகமாகத் தோன்றிற்று. "என்னப்பா இது?" என்றோம்.

"நியூ மெட்டல், நன்னா" என்றான். 1996ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் உருவான லிங்கின் பார்க் என்னும் குழுவினர், 2003ஆம் ஆண்டு வெளியிட்ட 'மெட்டியோரா' இசைத்தொகுப்பிலிருந்து தனிப்பாடலாக வந்த 'ஃபெய்ண்ட்' என்பதாம் அது. விரைந்து பேசுபவர் மைக் ஷினோடா. கதறுபவர் செஸ்டர் பென்னிங்டன். பின்னவர் 2017ஆம் ஆண்டு தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்று கூறியபோது பேரனின் குரல் தாழ்ந்தது.

பொருள் என்னவென்று வினவினோம். தன்னோடு வாழ்ந்தும் தன் சொல்லைச் செவிமடுக்காத ஒருவரிடம், முகம் திருப்பாமல் தன்னைக் கேட்கும்படி ஒருவன் மன்றாடுகிறான்; அவ்வளவே என்றான். "இரண்டு பேர் பாடுகிறார்களே, மற்றவர் பதில் சொல்கிறாரா?" என்று கேட்டோம். "இல்லை நன்னா, ரெண்டு குரலும் ஒரே ஆளோட மனசுதான். பதில் கிடையாது."

உள்ளே முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த நம் துணைவியார் இதனைக் கேட்டுவிட்டு வெளியே வந்தார். "இவன் கத்திக் கேக்குறான். எனக்குக் கத்தத் தெரியல, பாட்டைப் புடிச்சு அனுப்பிச்சேன்" என்று நம்மைப் பாராமலே கூறிவிட்டு உள்ளே சென்றார். பேரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நமக்கு விளங்கிற்று.

நம் கடற்கரை ஊர்களில் பிழைப்பு நாடிக் கடல் கடந்தவரைச் சபராளி என்பது வழக்கம். நம் தந்தையார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கு சென்றவர். 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் நம்மவரைச் சுமந்து, 1974இல் உடைக்கப்பட்டது. அவ்வாண்டு சனவரியில்தான் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்து, அதுவரை தஞ்சை மாவட்டத்திலிருந்த நம் ஊரும் அதில் சேர்ந்தது. 1981இல் நாம் சவூதிக்குப் போனது விமானத்தில். ஆயினும் ஊரார் நாவில் அதுவும் கப்பல்தான்.

அக்காலத்தில் நாகூர் சலீம் எழுதிக் காயல் ஷேக் முஹம்மது பாடிய 'கப்பலுக்குப் போன மச்சான்' ஒலிக்காத கல்யாண வீடு நம் பக்கத்தில் இல்லை எனலாம். ஊரிலிருக்கும் மனைவி ஏங்கிக் கேட்பதும், கடல் கடந்த கணவன் தேற்றி மறுமொழி சொல்வதுமாக அமைந்த பாடல் அது. மணமக்கள் வீட்டார் மகிழ்ந்து கேட்பர். மறு மாதமே மாப்பிள்ளை பயணப்படுவார்.

கடிதத்தோடு ஒலிநாடாவும் அனுப்பும் வழக்கம் அந்நாளில் பரவியிருந்தது. நாமும் ஒரு பக்கத்தில் பேசி அனுப்புவோம். என்ன பேசினோம் என்று இன்று எண்ணிப் பார்த்தால் நாணமாகவே இருக்கிறது. தென்னந்தோப்புக் குத்தகை, பள்ளிவாசல் சந்தா, மைத்துனருக்குத் தரவேண்டிய கடன், குழந்தைக்கு எடுக்கவேண்டிய துணி எனக் கணக்குப்பிள்ளைக்குச் சொல்வதுபோல அரைமணி நேரம். மறுபக்கம் அவர் பேசுவதற்கு. 1984இல் ஒருமுறை வந்த நாடாவின் மறுபக்கத்தில் பேச்சே இல்லை. அந்தப் பாடல் மட்டும் இருந்தது. அதுவும் கணவனின் மறுமொழி தொடங்குமிடத்தில் நின்றுபோயிற்று.

அறையில் எட்டுப் பேர் இருந்தோம். அனைவருக்கும் போட்டுக் காட்டினோம். சிரித்தனர், திரும்பப் போடச் சொன்னார்கள், இருவர் படியெடுத்துக்கொண்டனர். ஒருவர் மட்டும் எழுந்து வெளியே போனார். நாமோ, "பாட்டு நன்றாக இருந்தது, பாதியில் அறுந்துவிட்டது, வீட்டுச் செய்தி ஏதும் காணோமே" என்று எழுதிப் போட்டோம். அதன்பின் ஓராண்டுக்கு மேல் அவர் குரல் நமக்கு வரவில்லை. கடிதங்கள் வந்தன, அவர் தம்பியின் கையெழுத்தில், நலம் நலமறிய ஆவல் என்று.

நிற்க. 1994இல் ஊர் திரும்பிய பின்னர் ஒரு ஜும்ஆ பயானில் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் வரலாறொன்றைக் கேட்டோம். கலீஃபா இரவில் மதீனத்துத் தெருக்களில் நகர்வலம் வருகையில், போர்முனைக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் தன் வீட்டினுள் தனிமையைப் பாடுவது செவியில் விழுகிறது. மறுநாள் தம் மகளார் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எத்துணைக் காலம் பொறுத்திருப்பாள் என வினவுகிறார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. அவ்வளவிற்கு மேல் எந்த வீரரையும் இல்லத்தினின்று பிரித்து வைக்கலாகாது என்று படைத்தலைவர்களுக்கு ஆணை பறக்கிறது.

பள்ளியில் இருந்தோர் தலையசைத்து வியந்தோம். உமரின் நீதி என்றோம். அங்கிருந்தவருள் பாதிப்பேர் ஈராண்டு ஒப்பந்தத்தில் விடுப்புக்கு வந்தவர்கள்! நாமும் அதுபோன்ற ஆறு ஒப்பந்தங்களைக் கழித்தவரே. ஒரு பாட்டைக் கேட்டுச் சட்டத்தை மாற்றியவர்களின் வரலாற்றைக் கேட்டும், நமக்கு வந்த பாட்டு அன்று நினைவுக்கு வரவில்லை. முறுக்குப் பிழிந்த கையோடு அவர் வந்து சொல்லியபோதுதான் வந்தது.

அன்றிரவு அவரிடம், மறுமொழியை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டோம். "அது நீங்க சொல்ல வேண்டியது. பாட்டுக்காரர் ஏன் சொல்லணும்?" என்றார்.

பேரனுக்கு ஷார்ஜாவில் வேலை அமைந்துள்ளது. அறந்தாங்கியில் பெண் பேசியிருக்கிறார்கள். சென்ற வாரம் நிக்காஹ் தேதி குறிக்கப் பெண் வீட்டார் வந்திருந்தபோது, மஹரும் மண்டபமும் பேசி முடிந்த நிலையில், நம் துணைவியார் திரைக்கு அப்பாலிருந்து, "ஆறு மாசத்துக்கு ஒருக்கா லீவு உண்டாம்மான்னு பையன்கிட்ட கேளுங்க, இல்லைன்னா பொண்ணையும் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். சபையில் சிலர் சிரித்தார்கள். பேரன் நம்மைப் பார்த்தான். நாம் அவனை அவருக்குப் பதில் சொல்லச் சொன்னோம். கம்பெனியில் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறான். தேதி இன்னும் குறிக்கப்படவில்லை.