தாத்தாவின் பட்டாளத்துக் கத்தி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கைநாட்டு வைக்கும் என் தாத்தாவிடம் படிப்பைக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டு நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். வேதியியல் பேராசிரியர்கள் சிரிக்காமல் படிக்க வேண்டுகிறேன்.

தாத்தாவின் பச்சைப் பெல்ட்டுப் பையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பட்டாளத்துக்காகச் செய்யப்பட்டது. கை வழுக்காதபடி கட்டம் கட்டமாய்ச் சொரசொரத்த கறுப்புப் பிடி; அகன்ற அலகு ஒன்று; தகர டப்பா திறக்க ஒன்று; முதுகுப்புறத்தில், இறுகிய கயிற்று முடிச்சைப் பிரிக்கத் தடித்த முள் ஒன்று. அலகின் முனை கூராக இராது. குத்துவதற்கல்ல, அறுப்பதற்கென்றே பிறந்த கத்தி.

1945இல் போர் முடிந்ததும் மிஞ்சிய தளவாடங்கள் பழைய சாமான் கடைகளுக்கு வந்தன. குளித்தலையிலிருந்து வாழைத்தார் லாரியில் கொத்தவால் சாவடிக்குப் போன தாத்தா, 1974இல் மூர் மார்க்கெட்டில் மூன்று ரூபாய்க்கு இதை வாங்கினாராம். மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானது. கொத்தவால் சாவடி வணிகம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. கத்தி மட்டும் தாத்தாவை விட்டுப் போகவில்லை.

அலகின் அடியில் ஓர் அம்புக்குறி உண்டு. பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதற்கு அதுவே அடையாளம். பக்கத்தில் 194 வரை தெரியும். கடைசி எண் தேய்ந்துவிட்டது. "இது மூணா நாலா, பாரு தம்பி" என்று நான் சிறுவனாயிருந்தபோது தாத்தா கேட்பார். நான் ஒருநாள் மூன்று என்பேன், மறுநாள் நான்கு என்பேன். இரண்டுக்கும் அவர் தலையாட்டுவார்.

சென்ற தீபாவளி விடுமுறையில், அலகு கன்னங்கரேலென்று இருப்பது என் கண்ணை உறுத்தியது. துரு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். எலுமிச்சைச் சாறு, உப்புத்தாள், இரண்டு மணி நேர உழைப்பு. அலகு வெள்ளியாய் மின்னியது. தாத்தா வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலால் அடிப்பகுதியைத் தடவினார். மறுபடியும் தடவினார். அம்பும் இல்லை, எண்ணும் இல்லை.

"நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார்.

அடைமழையில் நான்கே நாளில் அலகெங்கும் செம்புள்ளிகள்.

கல்லூரி திறந்ததும் பேராசிரியரிடம் கேட்டேன். வாழைச் சாற்றிலுள்ள டானின் இரும்போடு கூடி உண்டாக்கும் கரும்படலம் அது என்றும், செந்துருவைப் போல் உதிராமல் ஒட்டிக்கொண்டு அலகை ஓரளவு காக்கும் என்றும் விளக்கினார். ஹாரி பிரியர்லி 1913இலேயே இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் துருப்பிடிக்கா எஃகை உருவாக்கியிருந்தார். ஆனால் தாத்தாவின் கத்தி சாதாரணக் கார்பன் எஃகு. ஐம்பது வருடம் சீப்பு அறுத்து அறுத்து ஏறிய கவசத்தை நான் உரித்து எறிந்திருக்கிறேன். அரிமானப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்கு!

பொங்கலுக்குப் போனபோது எல்லாவற்றையும் தாத்தாவிடம் ஒப்புக்கொண்டேன்.

"டானினா? நாங்க கறைம்போம்" என்று சொல்லிக் கத்தியை நீட்டினார். "அந்தத் தாரைச் சீப்புச் சீப்பா அறுத்துப் போடு. தொடைக்காதே."

அறுத்தேன். இப்போது அலகு மெல்லக் கறுத்து வருகிறது. மடக்கி வைக்கும் முன் தாத்தாவின் கட்டைவிரல் மட்டும் இன்னும் அந்த இடத்துக்குப் போய்த் திரும்புகிறது.